மீட்டர் ரூம் பூட்டு

உட்கார்மா. பயந்துவிடாதே, ஃபேனை நான் இப்படித்தான் போடுவேன். மரக்கரண்டிதான். சமையலுக்கு உள்ளது இல்லை, சுவிட்ச் போடுவதற்கென்றே தனியாக வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் அன்றைக்குத் தண்ணீரில் நடக்கவில்லை.

என்ன படிப்பு என்றாய்? பேரிடர் மேலாண்மையா? அதற்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்களா இப்போது? எங்கள் காலத்தில் பேரிடர் என்றால் கணக்குப் பரீட்சைதான். கொடு அந்தத் தாளை. 'பெருவெள்ளங்களிலிருந்து குடியிருப்போர் கற்றுக்கொண்ட பாடங்கள்.' தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, நீ கேட்கிற வரிசையில் எனக்குச் சொல்ல வராது. நான் சொல்லிக்கொண்டே போகிறேன், நீ அந்தந்தக் கட்டத்தில் எழுதிக்கொள். நடுவில் நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும். வந்தால் போகாது.

மிஸஸ் பிரமிளா கருணாகரன். ஹோம்மேக்கர். வயது ஐம்பத்தொன்று. இந்தக் கட்டடத்துக்கு ஒன்பது வருஷமாக நான்தான் செக்ரட்டரி. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேறு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். மொத்தம் ஐந்தே வீடு. கீழே கார் நிறுத்துகிற இடம், அதன் பின்பக்கம் ஒரே ஒரு சின்ன வீடு. நீ ஏறி வந்த படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் ரூம். மாடிக்கு இரண்டு இரண்டாக மேலே நான்கு வீடு. எங்களுடையது முதல் மாடி, நானும் அவரும் என் பெண் நிரஞ்சனாவும். எதிர் வீட்டில் மகேந்திரனும் அவர் மனைவியும். மேலே ஒரு வீட்டில் காது கேட்காத ஒரு வயதான தம்பதி, இன்னொரு வீடு பூட்டியே கிடக்கிறது. கீழ் வீட்டில் சவரிமுத்துவும் அவர் மனைவி லில்லியும் இருந்தார்கள்.

இருந்தார்கள் என்றுதான் சொன்னேன். எழுது.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் வந்தது, கார் மூழ்கியது, அதற்குள் இருந்த பத்திரங்கள் கூழாகின, மூன்று நாள் பிஸ்கட் தின்றோம். ஆனால் நான் ஒரு தடவை விழுந்த இடத்தில் இரண்டாம் தடவை விழுகிற ஆள் இல்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார், ஒரு தவறைத் திருப்பிச் செய்கிறவள் முட்டாள் இல்லை, சோம்பேறி என்று. வெள்ளம் வடிந்த அடுத்த வாரமே நான் திட்டம் போட்டுவிட்டேன். பத்திரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில், அலமாரியின் மேல் தட்டில். வீட்டுக்கு ஒரு விசில். ஒரு வாட்ஸாப் குரூப், அதில் காலை வணக்கம் போட்டால் நீக்கிவிடுவேன் என்று முதலிலேயே எச்சரித்தேன். நீக்கியும் இருக்கிறேன். அப்புறம் முக்கியமானது, மழை எச்சரிக்கை வந்த உடனே கார்கள் பாலத்துக்குப் போய்விட வேண்டும்.

எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். வேளச்சேரி மேம்பாலத்தில் மழைக்கு முந்தின நாளே இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக ஏறிவிடும். பேப்பரில் படம் போட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் கார் ஒரு தடவை மூழ்கட்டும், அப்புறம் பேசலாம்.

இப்போது சவரிமுத்து. அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வரும். அவர் ரிட்டயர்டு லைன்மேன். முப்பத்துநாலு வருஷம் கரண்ட் கம்பத்தில் ஏறின ஆள். நல்ல மனிதர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனிதர்களோடு ஒரே கட்டடத்தில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், கார் நிற்கிற இடத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் தேங்கினால் போதும், விறுவிறு என்று போய் மெயினை இறக்கிவிடுவார். ஐந்து வீடும் இருட்டு. கேட்டால், "சம்ப் மோட்டார் வயரு தரையோட கெடக்கு மேடம், கரண்ட் கசிஞ்சா நிறுத்துற ட்ரிப்பரும் செத்துப் போச்சு, மாத்தணும்" என்பார். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று நானும் சொல்வேன். அடுத்த மீட்டிங்கில் லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு லிஃப்ட் வேண்டும் என்று மகேந்திரன் ஒரு மணி நேரம் பேசுவார்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ். என்னோடு படித்தவர்கள் பதினோரு பேர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பிளம் கேக் ஓவனில் இருக்கிறது. இருபது நிமிஷம்தான் பாக்கி. வெளியே தூறல். தூறல்தான்மா, குடைகூட வேண்டாம். டக். கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தில் விளக்கு எரிகிறது.

கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. பதினோரு பேர் முன்னாலும் அந்தக் குழியை கிரீம் போட்டு மூடினேன். அதில் ஒருத்தி, அவள் எப்போதுமே அப்படித்தான், "இது கேக்கா, ஏரியா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் இறங்கிப் போய்ச் சவரிமுத்துவைக் கேட்டேன், எதிரில் லில்லியும் இருந்தாள், முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு. நான் பொதுவாகக் கத்த மாட்டேன். அன்றைக்குக் கத்தினேன்.

"நீங்களேதானே சொல்வீங்க, உங்க வேலையில ஏதோ கிளியர்னு?"

"லைன் கிளியர் மேடம்."

"அப்படின்னா என்ன?"

"மேல ஏறுறவன் அவன் இஷ்டத்துக்குக் கம்பியத் தொட முடியாது மேடம். பொறுப்புல இருக்கவரு சொல்லணும், கரண்ட நிறுத்தியாச்சு, ஏறலாம்னு. அதுதான் லைன் கிளியர். அது வாங்காமத் தொட்டவன் எவனும் பென்ஷன் வாங்கல."

"இந்த பில்டிங்குக்குப் பொறுப்புல இருக்கறது யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதான் மேடம்."

"அப்ப என்கிட்ட லைன் கிளியர் கேட்டீங்களா?"

"கேட்டிருக்கணும் மேடம்."

லில்லிதான் நடுவில் வந்தாள். "விடுங்க மேடம், அவருக்கு அது வியாதி. கல்யாணத்தன்னைக்கே பந்தல்ல சீரியல் லைட்டக் கழட்டுனவரு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிற ஆள் நான் இல்லையே. மறுநாளே மீட்டர் ரூமுக்கு ஒரு பூட்டு. நல்ல கனமான பித்தளைப் பூட்டு. செக்ரட்டரியைக் கேட்காமல் யாரும் மெயினைத் தொடக் கூடாது என்று குரூப்பில் போட்டேன். சாவி என் ஹேண்ட்பேக்கில். பொதுச்சாவி பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும், இது எந்தப் புத்தகத்திலும் இருக்கும், உன் புத்தகத்திலும் இருக்கும். முதல் ஆளாகத் தம்ஸ் அப் போட்டது சவரிமுத்துதான்.

போன டிசம்பர் புயலுக்கு வா.

காலை ஏழு மணிக்கே நானும் என் கணவரும் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பினோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதே. அவருக்கு ரிவர்ஸ் வராது, பக்கத்து வண்டிக்காரனோடு சண்டை போடவும் வராது. இரண்டுக்கும் நான் வேண்டும். மகேந்திரனும் மனைவியும் எங்களுக்கு முன்னாலேயே போய் நல்ல இடமாகப் பிடித்திருந்தார்கள். நிரஞ்சனா தூங்கிக்கொண்டிருந்தாள், பதினேழு வயது, பத்து மணிக்கு முன்னால் எழுப்பினால் கடிப்பாள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். மழை விடவில்லை. கார் கதவைத் திறக்க முடியாத காற்று. கீழே சாலை எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. அவர் ஃப்ளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்துவிட்டு சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் ஒரு கறுப்பு வண்டிக்காரன் வந்து எங்கள் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினான். நான் இறங்கிக் கேட்டேன். அப்போதுதான் நிரஞ்சனா போனிலிருந்து சவரிமுத்து கூப்பிட்டார். கீழே தண்ணீர் வந்துவிட்டது, கணுக்கால் அளவு, மெயினை இறக்க வேண்டும் என்றார். சாவி என்னிடம் இருக்கிறது, வருகிறேன் என்றேன். உடனே கிளம்பினேன். எழுதிக்கொள், உடனே.

ஏன் அவர் பூட்டை உடைக்கவில்லை என்றா? அது அவரைக் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டால் சொல்வார். நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

பாலத்திலிருந்து எங்கள் தெரு முக்கால் கிலோமீட்டர். வெயில் காலத்தில் பத்து நிமிஷம். அன்றைக்குப் பாலம் இறங்கின இடத்திலேயே முழங்கால். இருபது அடி போனதும் இடுப்பு. ஹேண்ட்பேக்கைத் தலையில் வைத்துக்கொண்டேன். செருப்பு எப்போது போனது என்று தெரியாது. தண்ணீரைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாதம்மா, பள்ளியில் நீச்சலில் கப் வாங்கியிருக்கிறேன். திறந்து கிடக்கிற சாக்கடை மூடி எங்கே இருக்கும் என்றுதான் பயம். சுவர் ஓரமாகவே, ஒவ்வொரு வீட்டு கேட்டையும் பிடித்துப் பிடித்து நடந்தேன். கேட், கம்பம், போஸ்ட், கைக்கு எது கிடைத்ததோ அது.

பாதி வழியில் போன் அடித்தது. நிரஞ்சனா. அவள் குரல் எனக்குத் தெரியும், எப்போதும் ஒரு அலட்சியம் இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

"அம்மா, நாய் செத்துப்போச்சு."

"எந்த நாய்? என்னடி உளர்றே?"

"நம்ம தெரு ப்ரௌனிம்மா. கேட் வழியா நீந்தி உள்ள வந்துச்சு, படிக்கட்டுக்கு வரப் பார்த்துச்சு, மோட்டார் பக்கம் வந்ததும் அப்படியே வெறச்சுப்போச்சு. கத்தக்கூட இல்ல. தண்ணியில கரண்ட் இருக்கும்மா. நீ வராத. எங்க இருக்கியோ அங்கயே நில்லு."

நான் எங்கே இருக்கிறேன்? தண்ணீரில் இருக்கிறேன். இடுப்பு வரைக்கும்.

அப்போது என் இடது கை ஒரு இரும்பு கேட்டைப் பிடித்திருந்தது. அதை எடுக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். ஒவ்வொரு விரலாக எடுத்தேன். சுற்றிலும் பார்க்கிறேன். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. பகலில், அந்த மழை இருட்டில், வரிசையாக மஞ்சள் மஞ்சளாக. எங்கள் கட்டடம்தான் பள்ளத்தில், வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வருவது அங்கேதான், அதனால் மற்றவர்கள் யாரும் இன்னும் நிறுத்தவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நான் அப்படிப் பயந்ததே இல்லை.

"சவரிமுத்து அங்கிள் எங்கே?" என்று கேட்டேன்.

"என் பக்கத்துல, படியில. லில்லி ஆன்ட்டிதான் உள்ள இருக்காங்க. கட்டில் மேல."

புரிகிறதா உனக்கு? படம் போட்டுக்கொள். படிக்கட்டின் நான்காவது படியில் அவரும் என் பெண்ணும். எதிரே எட்டடி தள்ளி அவர் வீட்டு வாசல், கதவு திறந்திருக்கிறது, உள்ளே கட்டில் மேல் லில்லி, கம்பு ஊன்றாமல் நடக்க முடியாத லில்லி. நடுவில் எட்டடித் தண்ணீர். அதில் மிதக்கிறது நாய். அவர் போனில் டவர் எடுக்கவில்லையாம், என்னிடம் பேசுவதற்காகத்தான் நிரஞ்சனாவைக் கூப்பிட்டு, படிக்கு வந்து போனை வாங்கினார். பேசிவிட்டு, நான் வருகிறேனா என்று பார்க்கப் படியிலேயே நின்றுவிட்டார். படியிலிருந்து கேட் நன்றாகத் தெரியும். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்கிறாய். பத்து நிமிஷத்தில் மெயின் இறங்கிவிடும் என்று நினைத்திருப்பார், மெதுவாகக் கூட்டிவரலாம், ஈரத்தில் அவளுக்கு வழுக்கும் என்று.

பத்து நிமிஷம் என்று நான் சொன்னேனா? ஆமாம். சொன்னேன். பேச்சுக்குச் சொல்வதுதானே.

போனில் அவர் குரல் கேட்டது, என்னோடு இல்லை, அவளோடு. "லில்லி, கால எறக்காத. என்ன ஆனாலும் கால எறக்காத. நான் சொல்ற வரைக்கும் மாதா மேல ஆணை." அவள் உள்ளேயிருந்து சொல்கிறாள், "மெத்த நனையுதுங்க." இவர், "நனையட்டும்டி."

அப்புறம் என் பெண்ணிடம் சொன்னாராம், "பாப்பா, இங்கயே நின்னு அவகூடப் பேசிக்கிட்டே இரு. அவ பயந்தா எறங்கிருவா. நீயும் எறங்கக் கூடாது. அவ விழுந்தாலும் நீ எறங்கக் கூடாது. சத்தியம் பண்ணு." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். மொட்டை மாடிக்கு ஏறி, பக்கத்துக் கட்டடத்து மாடிக்குத் தாவி, அறுபத்துநாலு வயதில், அந்தக் காற்றில் தாவி, அது வழியாக இறங்கி மேட்டுப் பக்கமாகத் தெரு முனைக்கு. அங்கே டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் மெயினைத் தொட முடியாவிட்டால் தெருவையே நிறுத்த வேண்டும். அவரிடம் அதற்கு அனுமதி கிடையாது, ரிட்டயர்டு ஆள், தொட்டால் கேஸ். அதை எழுதாதே, என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

என் போன் தண்ணீரில் விழுந்தது. அதற்கு அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. நடுத்தெருவில், எதையும் தொடாமல், கையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சின்ன வயதில் சொன்ன ஜெபமெல்லாம் வந்தது, என் மதத்து சுலோகம் ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்று. அந்தப் பத்து இருபது வீட்டைக் கடக்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். தெரு முனையில் அவரைப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் மேடையில், ஒரு காய்ந்த சவுக்குக் கட்டையால் கைப்பிடியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம். தெரு முழுவதும் விளக்கு அணைந்தது.

நான் அங்கேயே தண்ணீருக்குள் உட்காரப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதி. வந்துவிட்டேன், எல்லாம் முடிந்தது, சாவி கையில் இருக்கிறது.

அவர் என்னைப் பார்த்தார். முன்னால் நடந்தார், நான் பின்னால். எங்கள் கேட் வந்ததும் அவர் அதைப் பிடிக்கவில்லை, புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கையால் தொட்டால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம், புறங்கை என்றால் உதறிவிடலாமாம். அந்த நேரத்திலும் அது அவருக்கு நினைவிருந்தது. தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் சாவியை வைத்தேன்.

படியில் நிரஞ்சனா நின்றிருந்தாள். "அங்கிள்" என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நான் அவளைப் பார்த்து, "ஏன்டி இப்படி நனைஞ்சிட்டு நிக்கறே?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

மரக்கட்டில் மிதந்துவிட்டது. மிதக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, அவள் சரிந்துவிட்டாள். விளக்கு அணைவதற்கு மூன்று நிமிஷம் முன்னால் என்கிறாள் நிரஞ்சனா. அவள் எப்படி நிமிஷம் எண்ணினாள், ஏன் எண்ணினாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

இதைக் கேள். அவர் நேராக வீட்டுக்குள் ஓடவில்லை. வாசலில் நின்று ஒரு தடவை உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி மீட்டர் ரூமுக்குப் போனார். தொடை வரைக்கும் தண்ணீர். குனிந்து தண்ணீருக்குள்ளேயே பூட்டைத் திறந்தார். மெயினை இறக்கினார். ஃப்யூஸ் கட்டைகளைக் கழற்றினார், ஒன்று, இரண்டு, மூன்று. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் திரும்பப் போட்டுவிட முடியாதபடி. டிரான்ஸ்ஃபார்மரை யாராவது தெரியாமல் தூக்கிவிட்டால்? என் பெண் படியில் நிற்கிறாள், நான் தண்ணீரில் நிற்கிறேன். எங்களுக்காகத்தான் செய்தார். அதெல்லாம் முடித்த பிறகுதான் மனைவியிடம் போனார்.

தூக்க ஆள் இல்லை. ஆண்கள் எல்லாரும் பாலத்தில், காருக்குக் காவல். மேல் வீட்டு முதியவர்களுக்கு நடந்தது எதுவுமே கேட்கவில்லை. தலைப் பக்கம் அவர், கால் பக்கம் நான். ஈரப் புடவை எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியுமா? படி ஏறும்போது அவள் கொலுசு என் மணிக்கட்டில் உரசிக்கொண்டே வந்தது. இந்த ஹாலில்தான் கிடத்தினோம். ஒன்றரை நாள். படகு மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. ஒன்றரை நாளும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அசையும்போதெல்லாம் சட்டைப் பையில் ஃப்யூஸ் கட்டை ஒன்றோடொன்று இடிக்கும். நான் அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை மட்டும் நான் சுக்குத் தண்ணீர் கொடுத்தபோது, "நன்றி மேடம்" என்றார்.

படகில் ஒரு போலீஸ்காரர் வந்தார், எழுதிக்கொண்டார். "ஏன்யா, லைன்மேனா இருந்துட்டு ஒரு பூட்ட ஒடைக்கத் தெரியலையா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். நிரஞ்சனா அவர் பின்னால் நிற்கிறாள்.

சவரிமுத்து சொன்னார், "தோணல சார். என் தப்புதான்."

நான் பேசாமல் இருந்தேன். அப்போது பேச வேண்டிய இடமா அது? ஆம்புலன்ஸ் வேறு மேட்டில் காத்திருக்கிறது, போலீஸ்காரர் அவசரப்படுத்துகிறார், மழை திரும்பத் தூறுகிறது. பேசியிருந்தால் லில்லி எழுந்து வந்துவிடுவாளா? சர்டிபிகேட்டில் மாரடைப்பு என்றுதான் போட்டிருக்கிறது. நீயும் அப்படியே போட்டுக்கொள்.

என்ன பார்க்கிறாய்? என் பெண்ணும் இப்படித்தான் பார்க்கிறாள். நாலு மாதமாக. சாப்பிட வா என்றால் வருகிறாள், தூங்கு என்றால் தூங்குகிறாள், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. எதிர்த்துப் பேசாத பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு நாள் தாங்க முடியாமல், "ஏதாவது சொல்லித் தொலையேன்டி" என்றேன். "அங்கிள் யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காரும்மா" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அவளுடைய போன்தானே. பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

அவர் ஏன் சொல்லவில்லை? அதுதான் எனக்கு விளங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். மகன் வீட்டுக்குப் போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும் வந்து கும்பிட்டுச் சொல்லிக்கொண்டார். கீழே எதாவது சத்தம் கேட்டால் இப்போதும் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது, அவர்தான் வந்துவிட்டார், இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று.

சரி. அடுத்த கேள்வி என்ன? படி.

'ஆபத்து குறித்த முன்னெச்சரிக்கை உங்களுக்குக் கிடைத்ததா? கிடைத்தது எனில் நேரம், தந்தவர், நீங்கள் எடுத்த நடவடிக்கை.'

யார் போட்ட கேள்வி இது? நீயா? உன் புரொஃபசரா?

கிடைத்தது. காலை பத்து இருபது. தந்தவர் சவரிமுத்து.

அவர் சொன்னது முழுவதும் நான் முன்னால் சொல்லவில்லை. கறுப்பு வண்டிக்காரன் என்னைப் பார்த்து, லேடீஸ்னா என்ன வேணும்னாலும் பேசலாமா என்று கத்திக்கொண்டிருந்தான், நான் அவனுக்குப் பதில் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் சொன்னார், "கையில கடப்பாரை இருக்கு மேடம். மீட்டர் ரூம்ல இன்னும் தண்ணி ஏறல. ஒரே போடு. ஒடைச்சிரட்டா?"

அவர் கேட்டார்மா. ஒடைச்சிரட்டா என்று என்னைக் கேட்டார். லைன் கிளியர்.

"அதெல்லாம் உடைக்காதீங்க. உங்களுக்கு இதே வேலை. பத்து நிமிஷத்துல நானே வர்றேன்" என்றேன். வைத்துவிட்டு வண்டிக்காரனிடம் திரும்பினேன். உடனே கிளம்பினேன் என்று சொன்னேன் இல்லையா? அவனோடு சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். கால் மணி நேரம் இருக்கும். அவன் வண்டியை எடுக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

போனை வைப்பதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரி மேடம்."

நடவடிக்கை என்ற கட்டத்தில் அதை எழுது. நான் சொன்னபடியே எழுது, அழகுபடுத்தாதே. என்ன, கை ஏன் நிற்கிறது? பென்சிலா வைத்திருக்கிறாய்? பென்சில் வேண்டாம். இந்தா, பேனா. பென்சிலில் எழுதினால் நீ படியிறங்குவதற்குள் நானே வாங்கி அழித்துவிடுவேன்.